ஐந்து நிமிடமும் ஐந்து குழந்தையும்

டோக்கியோவில் உரிமம் பெற்ற ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கிவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் அதன் பக்கத்தில் போய்க் குனிய வேண்டும். மல்லாந்து படுத்திருக்கிறதா, மூச்சு சீராக வருகிறதா, உதட்டின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. அந்த நகர நிர்வாகம் தன் காப்பகங்களுக்குச் சொல்லியிருக்கும் கணக்கு இது.

இங்கிலாந்திலும் இதற்கு விதி உண்டு. தூங்கும் குழந்தைகளை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று அந்த விதி சொன்னதில்லை. 2022 மே மாதம் ஸ்டாக்போர்ட் அருகே ஒரு நர்சரியில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று இறந்தபோது சட்டத்தில் இருந்தது அந்த 'அடிக்கடி' என்ற ஒற்றைச் சொல்தான். குழந்தையை இறுக்கமாகத் துணியில் சுற்றி, குப்புறப் போட்டு, பீன் பேக் மெத்தையோடு பட்டையால் பிணைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அது அப்படியே கிடந்தது. அந்த அறையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவுதான் பின்னால் வழக்கில் பெரிய சாட்சியாக நின்றது. 2024-இல் ஊழியர் ஒருவருக்கு 14 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

ஐந்து நிமிடக் கணக்கு அங்கே நடைமுறையில் இருந்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் 18 முறை ஒருவர் குனிந்து பார்த்திருக்க வேண்டும். இரக்கமற்ற ஒருவரை எந்த விதியும் திருத்திவிடாது. ஆனால் 18 முறையும் அதே ஆள்தான் போக வேண்டும் என்பதில்லை. வேறொருவர் ஒரே ஒரு முறை சுற்றி வந்திருந்தால் போதும். இந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியது இந்தச் சின்னக் கணக்குதான். இங்கிலாந்து முதலில் பெரியவர்களை எண்ணுகிறது. ஜப்பான் நிமிடங்களையும் செயல்களையும் எண்ணுகிறது.

ஆள் கணக்கில் இங்கிலாந்து வெகு கறார். இரண்டு வயதுக்குள் மூன்று குழந்தைக்கு ஒருவர். மூன்று வயதுக்கு மேல் எட்டுக் குழந்தைக்கு ஒருவர். பட்டம் பெற்ற ஆசிரியர் கூடவே இருந்தால் 13 வரை போகலாம். ஜப்பானிலும் ஒரு வயதுக்குள் மூன்றுக்கு ஒருவர்தான். அதன் பிறகு கணக்கு நெகிழ்ந்துகொண்டே போகிறது. ஒன்று, இரண்டு வயதில் ஆறு பேருக்கு ஒருவர். 2024 வரை மூன்று வயதில் 20 பேருக்கு ஒருவர். நான்கு, ஐந்து வயதில் 30 பேருக்கு ஒருவர் என்றிருந்தது. இந்தக் கடைசி எண் போரில் நொறுங்கிப்போன நாட்டில் 1948-இல் எழுதப்பட்டது. அதை மாற்ற 76 ஆண்டுகள் ஆயின.

எட்டையும் முப்பதையும் அப்படியே எதிரெதிரே நிறுத்துவது மட்டும் நியாயமில்லை. இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்த குழந்தை அடுத்த செப்டம்பரில் பள்ளியின் ரிசப்ஷன் வகுப்புக்குப் போய்விடும். அங்கே ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் வரை இருக்கலாம். நர்சரியில் எட்டுக்கு ஒருவராகக் காக்கப்பட்ட பிள்ளை ஒரு கோடை விடுமுறை கழிந்ததும் முப்பதில் ஒன்றாகிவிடுகிறது. ஜப்பானில் அதே பிள்ளை அதே காப்பகத்தில் ஆறு வயது வரை இருக்கும்.

இரண்டு வயதில் அந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. 2022-இல் இரு நாடுகளிலும் ஒரே சமயத்தில் ஆள் கணக்கைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் காப்பக ஊழியர்களும் பெற்றோரும் சேர்ந்து 'குழந்தைகளுக்கு இன்னும் ஒரு பராமரிப்பாளர்' என்று இயக்கம் தொடங்கினார்கள். நிலநடுக்கம் வந்தால் ஒருவர் எப்படி முப்பது பேரை வெளியே கொண்டுவருவார் என்று கேட்டார்கள். இங்கிலாந்தில் அதே ஆண்டு அரசு எதிர்த்திசையில் போகப் பார்த்தது. இரண்டு வயதுக் குழந்தைகள் நான்கு பேருக்கு ஒருவர் என்றிருந்ததை ஐந்தாக்கலாம், ஸ்காட்லாந்தில் அப்படித்தானே இருக்கிறது, செலவும் குறையும் என்றார்கள். கென்ட் பகுதியில் ஒரு நர்சரியில் உணவு தொண்டையில் அடைத்துத் தங்கள் ஒன்பது மாதக் குழந்தையை இழந்திருந்த பெற்றோர் இதை எதிர்த்து மனுப் போட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதமும் நடந்தது.

முடிவுகள் வந்தபோது ஜப்பான் ஒரு பக்கம் போயிற்று, இங்கிலாந்து மறு பக்கம். இங்கிலாந்து 2023 செப்டம்பரில் ஐந்தாக்கியது. ஜப்பான் 2024 ஏப்ரலில் மூன்று வயதுக்கு 15 என்றும், நான்கு, ஐந்து வயதுக்கு 25 என்றும் இறக்கியது. ஆனால் ஆள் கிடைக்காத காப்பகங்கள் தற்போதைக்குப் பழைய கணக்கிலேயே தொடரலாம் என்று ஒரு வரியையும் சேர்த்தது. 'தற்போதைக்கு' எப்போது முடியும் என்று அந்த வரி சொல்லவில்லை. அங்கே இரண்டு வயதுக் குழந்தைகளுக்கான ஆறு என்ற எண் அசையவே இல்லை.

இங்கிலாந்து செய்தது தவறு என்றே நினைக்கிறேன். தளர்த்திய பிறகும் அதன் எண் ஜப்பானைவிட மேல் என்பது உண்மைதான். நான்கை விட ஐந்து ஒன்றுதானே அதிகம் என்று தோன்றும். இரண்டு வயது என்பது கால் ஓடும், புத்தி கூட வராத வயது. கைக்கு அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகும். ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றக் குனிந்தால் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்கள். நேற்று வரை பின்னால் மூன்று பேர். இன்று நான்கு பேர். முதுகுக்குப் பின்னால் போன அந்த ஒரு குழந்தையைப் பற்றித்தான் கென்ட் பெற்றோர் பேசினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இங்கிலாந்து உண்மையிலேயே முன்னால் நிற்கிறது. அந்த முன்னேற்றமும் சாவுகளின் விலையில் வந்ததுதான். 2012-இல் இன்னொரு ஒன்பது மாதக் குழந்தை, அதுவும் ஸ்டாக்போர்ட்டில், நர்சரியில் உண்ணும்போது மூச்சடைத்து இறந்தது. அதன் பெற்றோர் விடாமல் போராடியதில், 2016 முதல் புதிதாகத் தகுதி பெற்று வரும் ஊழியர் குழந்தை முதலுதவிச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் ஆள் கணக்கில் சேர்க்கப்படுவார் என்று விதி வந்தது. பிறகு, சாப்பிடும் குழந்தை ஊழியரின் பார்வையிலும் செவியிலும் ஒருசேர இருக்க வேண்டும் என்றார்கள். மற்ற நேரங்களில் இரண்டில் ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும். 2025-இல், முடிந்தவரை குழந்தைகளின் முகத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். தொண்டை அடைத்த குழந்தையால் கத்த முடியாது. இருமல்கூட வராமல் போகலாம். காதை நம்பிப் பயனில்லை, முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். விதி எழுதியவர்களுக்கு அது புரிந்திருக்கிறது.

ஜப்பான் இதே ஆபத்தை அடுப்படியிலேயே நிறுத்தப் பார்க்கிறது. 2016-இல் வந்த அரசு வழிகாட்டி முழுத் திராட்சையும் செர்ரித் தக்காளியும் காப்பக உணவில் வேண்டாம் என்கிறது. 2020-இல் மட்சுவே நகரில் ஒரு நான்கு வயதுப் பிள்ளை வறுத்த சோயா மொச்சை அடைத்து இறந்தது. பேயை விரட்ட மொச்சையை எறிந்து, உண்ணும் பிப்ரவரித் திருவிழா நாள் அது. அதே ஆண்டு ஹச்சியோஜியில் இன்னொரு நான்கு வயதுப் பிள்ளை பெரிய திராட்சை அடைத்து இறந்தது. அதன் பிறகு எச்சரிக்கைகள் கடுமையாயின. தட்டிலிருந்து பொருளை எடுத்துவிடுவது நல்ல வழிதான். ஆனால் பட்டியலில் எழுதாத ஒரு பொருள் தட்டுக்கு வரும் நாளில், எதிரே முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆள் வேண்டும்.

சோதனைக்கு வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானில் மாகாண, நகர நிர்வாகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பு ஆறு ஆண்டுக்குள் ஒருமுறையாவது வர வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். ஆறு ஆண்டில் ஒரு குழந்தை சேர்ந்து, வளர்ந்து, பள்ளிக்கே போய்விடும். ஆனால் ஆண்டுதோறும் வந்தாலும் ஆய்வாளர் பார்ப்பது அவர் வந்த நாளைத்தான். ஐந்து நிமிடத் தாள்கூடக் கோப்பில் அழகாக இருக்கும். மதியம் முழுவதற்குமான டிக்குகளை நான்கு மணிக்கு ஒரே மூச்சில் போட்டுவிட முடியும்.

தாளின் இந்த எல்லை ஜப்பானுக்கே பேருந்தில்தான் புரிந்தது. 2021 ஜூலையில் ஃபுக்குவோக்கா மாகாணத்தின் நக்காமா நகரில், காப்பகத்தின் தலைவியே தனியாகப் பேருந்தை ஓட்டி வந்தார். குழந்தைகளை இறக்கிவிட்டுப் பூட்டிச் சென்றார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உள்ளேயே இருந்தான். வெயிலில் சுமார் ஒன்பது மணி நேரம். மறுபடி நடக்கக் கூடாது என்று அரசு எல்லாக் காப்பகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஷிசுவோக்கா மாகாணத்தின் மக்கினோஹராவில் அதுவே நடந்தது. இந்த முறை மூன்று வயதுச் சிறுமி.

அன்று வழக்கமான ஓட்டுநர் வரவில்லை. எழுபதைத் தாண்டிய நிறுவனத் தலைவர் ஓட்டினார். தற்காலிக ஊழியர் ஒருவர் கூட இருந்தார். பேருந்தில் இருந்தது ஆறே குழந்தைகள். ஆறு குழந்தைக்கு இரண்டு பெரியவர்கள் என்றால் எந்த நாட்டின் கணக்கிலும் தேறிவிடும். வருகைப் பதிவில் அந்தக் குழந்தை வந்ததாகவே பதிவாகியிருந்தது. வகுப்பில் அவள் இல்லை என்று பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெற்றோருக்குப் போன் செய்யவில்லை. அவள் பார்த்துக்கொள்வாள் என்று இவள், இவள் பார்த்துக்கொள்வாள் என்று அவள் என நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான் அங்கே எல்லோர் கையிலும் நடந்தது. ஐந்து மணி நேரம் கழித்து அவளைக் கண்டபோது அவளுடைய தண்ணீர்ப் புட்டி காலியாக இருந்தது.

இங்கிலாந்தின் வழி ஆள் கூட்டுவது. இந்தச் சாவை அதனால் தடுத்திருக்க முடியாது. ஜப்பானின் பழைய வழி தாளில் எழுதுவது; அதனாலும் முடியவில்லை. எழுதியதும் ஆளும் இருக்கும்போதே குழந்தை நழுவியது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில், யாருடைய பொறுப்பும் இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் நழுவியது. 2023 ஏப்ரல் முதல் ஜப்பானில் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைகளை எண்ணுவது சட்டக் கட்டாயம். பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். பொருத்த ஓராண்டு அவகாசமும் மானியமும் கொடுத்தார்கள். கருவியில் இரண்டு வகை. ஒன்று, பூட்டிய வண்டிக்குள் அசைவு தெரிந்தால் அலறும். இன்னொன்று மிகவும் எளியது. இஞ்சினை அணைத்ததும் ஒலி எழும்பும். நிறுத்தும் பொத்தான் ஓட்டுநர் கைக்கு எட்டாது. வண்டியின் கடைசியில், பின் இருக்கையருகே இருக்கும். அங்கே போக வேண்டுமானால் அவர் எழுந்து, ஒவ்வொரு இருக்கையையும் கடந்து நடக்க வேண்டும்.