வரதர் திரும்பினார், காமாட்சி திரும்பவில்லை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 1710-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆபீஸ் சர்வர்தான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

1688-ல் ஔரங்கசீப் படைக்குப் பயந்து வரதரின் உற்சவமூர்த்தியை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆபத்து விலகியது. ஆனால் உடையார்பாளையத்து ஜமீன்தார் மூர்த்தியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அங்கே பூஜை தடையில்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. இடம் மட்டும் தப்பு. ஆத்தான் ஜீயர் கேட்டுக்கொண்டதன்பேரில், ஆற்காட்டு சாதத்துல்லா கானின் தளபதி லாலா தோடர்மல் படையோடு போய் 1710-ல் மீட்டு வந்தார். 22 வருஷம்!

இப்போ சர்வருக்கு வருவோம். பேஸ்மேக்கர் மாதிரி கிளஸ்டரில் முதல் நோடு விழுந்தால் டேட்டாபேஸ் இரண்டாவது நோடுக்குப் போகும். முதல் நோடு எழுந்த பிறகும் தானாகத் திரும்ப வேண்டியதில்லை. 'இருக்கிற இடத்திலேயே இரு' என்பதற்கு ஸ்டிக்கினஸ் என்றே ஓர் அமைப்பு உண்டு. தேவையில்லாமல் இன்னொரு முறை சர்வீஸ் நிற்கக் கூடாது என்பதற்காக அது. நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம மானிட்டரிங் 'ஓடுகிறதா?' என்று மட்டும் கேட்கும். ஓடுகிறது, பச்சை. எங்கே ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் பட்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்ச் போட, 'சும்மா இருக்கிற நோடுதானே' என்று இரண்டாவதை ரீபூட் செய்தேன். டேட்டாபேஸ் மூன்று மாதமாக அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்: எந்த ரிசோர்ஸ் எந்த நோடில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல், இப்போது எங்கே இருக்கிறது என்று கிளஸ்டரிடம் ஒரு கேள்வி, இரண்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபட்டால் மெயில். கூடவே, கையால் இடம் மாற்றும்போது கான்ஃபிகில் தங்கிவிடும் இட விதிகளையும் அது தேடும். அதை அழிக்க மறந்தால் ரிசோர்ஸ் புது இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை வரதர் கதை. இன்னொன்று பாக்கி.

காஞ்சியின் பங்காரு காமாட்சியும் இப்படி ஆபத்துக் காலத்தில் ஊரைவிட்டுப் போனவள்தான். பல ஊர் சுற்றித் திருவாரூரில் இருந்தபோது, அவளுக்குப் பூஜை செய்த குடும்பத்தில் 1762-ல் சியாமா சாஸ்திரி பிறந்தார். பிறகு தஞ்சாவூர். இன்றும் மேலராஜ வீதியில்தான் இருக்கிறாள். அவளைத் தப்பான நோடில் இருக்கிறாள் என்று சொல்ல முடியுமா? அங்கே அவளுக்குக் கோயில் இருக்கிறது, அவள்மேல் பாடிய கீர்த்தனைகள் இருக்கின்றன.

எனவே மெயில் வந்தால் இரண்டில் ஒன்றைச் செய்யணும்: திருப்பிக் கொண்டுவரணும், இல்லை பட்டியலைத் திருத்தணும். இரண்டும் செய்யாமல் 'ஓடுதே' என்று விடுவதுதான் ஆபத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாராவது ரீபூட் பண்ணுவாங்க.