தலைமாட்டில் அமர்ந்தவர்

வெம்பாக்கத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, பட்டு நெய்யும் என் தந்தையாருக்குக் குடலிறக்கத்திற்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. நலம் பெற்று வீடு திரும்பியவர், கத்தி பிடித்த மருத்துவரின் பெயரை ஊரெல்லாம் சொல்லிப் புகழ்ந்தார். "உங்களைத் தூங்க வைத்தவர் யார், அப்பா?" என்று கேட்டேன். "தலைமாட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார், முகம்கூட நினைவில்லையடா" என்றார். அந்த முகம் தெரியாத மனிதரின் வரலாற்றையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1846 அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியை முகரச் செய்து மயங்க வைத்தார். அவருடைய கழுத்துக் கட்டியை அறுவை மருத்துவர் அகற்றினார். மறு ஆண்டே எடின்பரோவில் சிம்ப்ஸன் என்பார் குளோரோபாரத்தைக் கையாண்டார். வலியை வென்றோம் என்று உலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1848 ஜனவரியில், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் தரப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், சில நிமிடங்களில் உயிர் துறந்தாள்.

மயக்கத்தில் நேரும் மரணத்திற்குக் காரணம் யாது? இதயமே முதலில் நிற்கிறது, ஆகவே நாடியைக் கவனி என்றனர் லண்டன் மருத்துவர்கள். மூச்சே முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சைக் கவனி என்றார் எடின்பரோவின் சைம். இவ்வழக்கை ஆராயும் மன்றம் நம் நாட்டில் கூடியது என்பது பலர் அறியாத செய்தி.

சைமின் மாணவரான எட்வர்டு லாரி, ஐதராபாத்து மருத்துவப் பள்ளியின் தலைவராக விளங்கினார். 1888இல் அவர் விலங்குகளை வைத்துச் சோதனை செய்து, மூச்சு நின்ற பின்னரே இதயம் நிற்கிறது என்று அறிவித்தார். லண்டனின் 'லான்செட்' இதழ் அதனை ஏற்கத் தயங்கியது. ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கான் ஆயிரம் பவுன் அளித்து, அவ்விதழின் சார்பில் ஓர் அறிஞரை வரவழைக்கச் செய்தார். லாடர் பிரண்டன் வந்தார். 1889இல் நானூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. லாரியின் கருத்தே சரி என்று முடிவாயிற்று.

அம்முடிவு பாதி உண்மையே ஆகும். 1911இல் குட்மன் லெவி என்னும் ஆங்கிலேயர், இலேசான குளோரோபார மயக்கத்தில் இதயம் தாளம் தப்பித் துடித்துத் திடீரென நின்றுவிடக் கூடும் என்று நிறுவினார். எனினும், மூச்சிலிருந்து கண்ணை எடுக்காதே என்னும் ஐதராபாத்துப் பாடம் இன்றும் பழுதுபடவில்லை. லாரியின் பள்ளியில் பயின்று 1889இல் தேறிய ரூபா பாய் பர்தூன்ஜி, அக்கலையையே தம் பணியாக ஏற்றார். உலகின் முதற்பெண் மயக்க மருத்துவர் என்று அவரைப் பலர் போற்றுவர்.

மூச்சைக் கவனிப்பது மட்டும் போதுமா? நின்ற மூச்சை நடத்தவும் வேண்டுமன்றோ? 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரில், முதல் மூன்று வாரங்களில் வந்த 31 பேரில் 27 பேர் மாண்டனர். அப்பொழுது பியோன் இப்ஸன் என்னும் மயக்க மருத்துவர், அறுவைக் கூடத்தில் தாம் நாள்தோறும் செய்யும் வேலையை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டு வந்தார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். மற்றவர்களுக்கு இயந்திரம் ஏது? மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1500 பேர், இரவும் பகலும் முறைவைத்து அமர்ந்து, பையை அமுக்கினார்கள். உங்கள் வயதினரின் கைகளே அங்கு நுரையீரல்களாயின! மறு ஆண்டில் இப்ஸன் அந்நகரில் அமைத்த பிரிவு, உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுள் ஒன்று.

இன்று அந்தப் பையின் வேலையை இயந்திரம் செய்கிறது. குருதியில் உள்ள பிராணவாயுவை, விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி காட்டுகிறது. ஜப்பானியரான அவோயாகி 1970களில் கண்ட அக்கருவியைக் கொரோனாக் காலத்தில் நாம் வீடுகளிலும் கண்டோம். ஆயினும் கருவி மணியடித்தால், எழுந்து செயல்பட ஒருவர் அருகே இருத்தல் வேண்டும்.

தறியில் ஆயிரக்கணக்கான பாவு இழைகள் ஓடும். சேலையின் அழகைக் காண்பவர் பலர். அறுந்த இழையை அக்கணமே கண்டு முடிபவர் தறியில் அமர்ந்தவர் ஒருவரே. என் தந்தையாருக்குத் தெரிந்த தொழிலைத்தான், அவர் அறியாமலே, அவருக்காக இன்னொருவர் செய்திருக்கிறார். உங்கள் வீட்டில் எவருக்கேனும் அறுவைச் சிகிச்சை நடந்தால், தலைமாட்டில் அமர்ந்தவரின் பெயரையும் கேட்டு அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.