மீண்டும் மீண்டும் வரும் கால் செல்லுலைடிஸும் பென்சிலின் தடுப்பும்

1. நோய் திரும்பும் வழி

திடீரென நடுக்கத்தோடு காய்ச்சல். தொடையிடுக்கில் நெறி கட்டும். சில மணி நேரத்தில் கால் சிவந்து வீங்கிக் கொதிக்கும். செல்லுலைடிஸ் எனும் இத்தொற்றைக் காலில் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா. அது உள்ளே நுழைய விரலிடுக்கில் ஒரு சேற்றுப்புண் போதும். ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர் நாளங்களைச் சிதைக்கிறது. நிணநீர் தேங்கிய கால் அடுத்த தொற்றுக்கு இடங்கொடுக்கிறது. ஆகவே, வந்தபோதெல்லாம் குணப்படுத்தி அனுப்புவது பாதி மருத்துவமே.

2. பென்சிலின் தரும் காப்பு

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இதற்கு முதன்மையான சான்று. இரண்டு முறையாவது காலில் இந்நோய் கண்ட 274 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் பென்சிலின் வி 250 மில்லிகிராம் மாத்திரையை 12 மாதம் இருவேளையும் உண்டனர். மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை. அந்த ஓராண்டில் மருந்தில்லா மாத்திரை உண்டவர்களில் 37 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பென்சிலின் உண்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கு. பக்க விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இத்தனை நாள் உண்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடாதா என்று நோயாளிகள் கேட்பது நியாயமே. உடலில் வாழும் பிற பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை அந்த அச்சம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பென்சிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது ஆண்டுகளாகியும், அதற்கு அடங்கியே வருகிறது.

3. காப்பின் எல்லை

மாத்திரையை நிறுத்தியபின் நிலை மாறியது. தொடர்ந்து கவனித்த காலத்தில் இரு பிரிவிலும் 27 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மருந்து நின்றதும் காப்பும் நின்றுவிட்டது. அதைவிட வருத்தம் தருவது வேறொன்று: உடற்பருமன் மிக்கவர்கள், நிணநீர் வீக்கம் உள்ளவர்கள், பலமுறை தாக்குண்டவர்கள் ஆகியோருக்கு மாத்திரையின் பலன் குறைவாகவே கிட்டியது. மருந்தை மிக நம்பியிருப்பவர்களும் இவர்கள்தாம்.

4. வீக்கமும் விரலிடுக்கும்

இவர்களுக்காகவே கான்பெராவில் நடந்த ஆய்வை முக்கியமாகக் கருதுகிறேன். நாட்பட்ட கால்வீக்கத்தோடு இந்நோயும் திரும்பத் திரும்ப வந்த 84 பேரில், அழுத்தக் காலுறையும் கட்டும் அணிந்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. 2020இல் வெளியான முடிவு இது.

நம் ஊர் யானைக்கால் நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் பெரும்பாலும் புழுவால் வருவதன்று. சேற்றுப்புண் வழியே நுழையும் பாக்டீரியாவால் வருவது. நோய்த் தடுப்புக்காக மூன்று வாரத்துக்கொரு முறை பென்சதைன் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்பவர்களும், தினமும் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, பூஞ்சைக்கொல்லிக் களிம்பு தடவவேண்டும்.