சாம்பலுக்குள்ளே ஒரு திராட்சைக் கொடி

முதல்லயே சொல்லிடறேன், எனக்கும் ஒயினுக்கும் ரொம்ப தூரம். ஆனா லான்சரோத்தே தீவின் லா ஹெரியா பகுதியைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து அது மனசை விட்டுப் போக மாட்டேங்குது. கரிய நிலம் முழுக்க ஆயிரக்கணக்கில் வட்டக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் பச்சையாய் ஒரே ஒரு கொடி. ஏதோ நிலாவில் விவசாயம் பண்ற மாதிரி!

ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் ஒன்று இது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 130 கிலோமீட்டருக்குள்தான். ஆறு கிடையாது, வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் மழை வந்தாலே பெரிசு. அப்படியும் ஒரு காலத்தில் கோதுமையும் பார்லியும் விளைஞ்ச பூமி.

1730 செப்டம்பர் 1, ராத்திரி ஒன்பது மணி தாண்டி, திமன்ஃபாயா பக்கம் பூமி பிளந்தது. பக்கத்து ஊரான யாய்சாவின் பாதிரியார் ஆந்த்ரெஸ் லொரென்சோ குர்பெலோ, நடந்ததையெல்லாம் குறிச்சு வெச்சார். ஊர்களை விழுங்கிய நெருப்புக் குழம்பு, விஷப் புகையில் மூச்சு முட்டிச் செத்த மாடுகள், கரை ஒதுங்கிய மீன்கள். 1731 டிசம்பரோடு குறிப்பு நின்னு போச்சு. மனுஷர் பொறுத்துப் பார்த்துட்டு ஊர் ஜனங்களோட கிரான் கனாரியா தீவுக்குப் போயிட்டார். எரிமலையோ 1736 ஏப்ரல் வரைக்கும் ஓயலை. தீவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு லாவாவுக்கு அடியில். அந்தக் குறிப்பு இன்னைக்கு நமக்குக் கிடைப்பது, 1815-இல் அங்கே போன ஜெர்மானியப் புவியியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் அதைத் தன் நூலில் எடுத்துப் போட்டதால்தான்.

இனிமேதான் மேட்டரே. லாவா மூடின இடம் போனது போனதுதான். ஆனா வெறும் கருஞ்சாம்பல், சின்னச் சின்னக் கல்லாய் விழுந்த இடத்தில் பயிர் முன்னைவிட நல்லாவே வருதுன்னு மிச்சமிருந்த ஜனங்க கவனிச்சாங்க. துளை துளையான அந்தச் சாம்பல் (உள்ளூரில் 'பிக்கோன்'னு சொல்றாங்க) ராத்திரிப் பனி ஈரத்தை உறிஞ்சி கீழே விடும், பகல் வெயிலில் ஆவியாகவும் விடாது. சரி, சாம்பல் கனமா கிடக்கிற இடத்தில் என்ன பண்றது? தோண்ட வேண்டியதுதான். பழைய மண் தட்டுற வரைக்கும், சில இடத்தில் மூணு மீட்டர் ஆழம்! அங்கே கொடியை நட்டு, வடகிழக்குக் காற்றுக்கு மறைப்பா சாந்து பூசாத அரைவட்டக் கல்சுவர் ஒண்ணு. அதுக்குப் பேர் 'சோக்கோ'.

நட்டது பெரும்பாலும் மால்வசியா ரகம். எரிமலை அடங்கி 39 வருஷம் கழிச்சு, 1775-இல் தொடங்கின எல் கிரிஃபோ ஒயின் ஆலை இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. இன்னொண்ணு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களையெல்லாம் அழிச்ச ஃபிலாக்சரா பூச்சி இந்தத் தீவை எட்டிப் பார்க்கவே இல்லை. அதனால அமெரிக்க வேரில் ஒட்டுப் போடும் அவசியமில்லாம, கொடி தன் சொந்த வேரிலேயே நிக்குது.

இதெல்லாம் கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. இந்தக் குழி முறையில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 300 கொடிதான். சாதாரணத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். உள்ளே எந்த மெஷினும் இறங்காது. கத்தரிப்பதும் பறிப்பதும் கையால்தான், அதிலும் பறிப்பது ஜூலை, ஆகஸ்ட் வெயிலில். காத்து தள்ளுற சாம்பல் குழியை மூடிக்கிட்டே வரும், திரும்பத் திரும்ப வாரணும். ஓட்டல் வேலையில் இதைவிடச் சுலபமாச் சம்பளம் வரும்போது எந்தப் பையன் குழியில் இறங்குவான்? நானா இருந்தா இறங்க மாட்டேன். :-)

அந்தக் காலத்தில் ஏர் இழுத்தது ஒட்டகம். அதுவே இப்போ திமன்ஃபாயாவில் சுற்றுலாக்காரங்களைச் சுமந்துக்கிட்டு நடக்குது.