ஊற்றி வடிக்கும் காபி: தாள் வடிகட்டியின் வரலாறு

ஊற்றி வடிக்கும் காபி என்பது, வடிதாளில் இட்ட காபித்தூளின் மீது வெந்நீரைக் கையால் சிறிது சிறிதாக ஊற்றி இறக்கும் முறையாகும். இதன் தாள் வடிகட்டி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ஒரு வீட்டுச் சமையலறையில் பிறந்தது.

அக்காலத்தில் காபித்தூளை நீரில் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ குடித்தனர். கோப்பையின் அடியில் மண்டி தங்கியது, கசப்பும் மிகுந்தது. துணி வடிகட்டியைக் கழுவுவதோ பெரும் தொல்லை. மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி பித்தளைப் பாத்திரம் ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்த மைஒற்றுத்தாளை அதில் விரித்துக் காபி வடித்தார். 1908 ஜூனில் இதற்குக் காப்புரிமை அலுவலகப் பதிவு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் 73 பெனிக் முதலீட்டில் நிறுவனம் பதிவானது. கணவர் ஹ்யூகோவும் மகன்களும் உடன் உழைத்தனர். முதல் உலகப்போரில் தாளுக்கும் காபிக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டுத் தொழில் முடங்கியது, பின்னர் மீண்டது. கூம்பு வடிவம் 1930களில் வந்தது.

1941-இல் அமெரிக்காவில் பீட்டர் ஷ்லும்போம் என்ற ஜெர்மானிய வேதியியலர் கெமெக்ஸ் குடுவையை உருவாக்கினார். ஆய்வகப் புனலையும் குடுவையையும் ஒன்றாக இணைத்தது போன்ற வடிவம் அது. அதன் தடித்த தாள் நீரை மெதுவாகவே விடும். மெலிட்டா வடிகட்டியில் சிறு துளை அதே வேலையைச் செய்தது. ஊற்றுபவர் சற்றுத் தவறினாலும் கருவி ஈடுகட்டியது.

ஜப்பானின் ஹாரியோ நிறுவனம் 2000களின் நடுவில் வெளியிட்ட வி60 இதை மாற்றியது. 60 பாகைக் கூம்பு, சுருள் வரிகள், அடியில் ஒரே பெரிய துளை. நீர் இறங்கும் வேகத்தை இனி தூளின் பருமனும் ஊற்றும் கையுமே தீர்மானித்தன. இளவறுவல் கொட்டைகளும் ஒரே தோட்டத்துக் கொட்டைகளும் கடைகளில் பரவிய காலமும் இதுவே. புதிதாகப் பழகுவோர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: ஒரு கொட்டைக்குச் சரியாக அமைந்த அளவு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

இளவறுவல் கொட்டை இறுகியது. சாறு எளிதில் இறங்காது. எனவே நுண்ணிய தூளும் 95 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரும் வேண்டும். கருவறுவல் கொட்டை துளைகள் மிகுந்து நொறுங்கும் தன்மையது. சற்றுப் பருமனான தூளும் 90 பாகையை ஒட்டிய நீரும் போதும். காஃபீன் நீக்கிய கொட்டையும் விரைவில் சாற்றை விட்டுவிடும். எத்தியோப்பியக் கொட்டைகள் சில அரைக்கும்போது மிகுதியான பொடியைத் தந்து தாளை அடைத்துவிடுகின்றன. அப்போது பருமனாக அரைக்க வேண்டும். புதிதாக வறுத்த கொட்டையில் கார்பன் டைஆக்சைடு மிகுதி. ஆகவே தூளின் எடையைப் போல் இருமடங்கு நீரை முதலில் ஊற்றி, அரை நிமிடம் பொங்கி அடங்க விடுகின்றனர்.

தொடக்கத்தில் 15 கிராம் தூளுக்கு 240 கிராம் நீர் என வைத்துக்கொள்ளலாம். புளிப்பு உறைத்து, சுவை மெலிந்திருந்தால் சாறு போதிய அளவு இறங்கவில்லை. அடுத்த முறை நுண்ணியதாக அரைக்க வேண்டும். கசந்து நாக்கை வறட்டினால் பருமனாக அரைக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவது நல்லது. அரைப்பு, சூடு, அளவு மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

தென்னிந்திய பில்டரிலும் நீர் தானே சொட்டித்தான் இறங்குகிறது. ஆனால் அங்கே தாள் இல்லை. கருவறுவல் தூளும் பெரும்பாலும் சிக்கரியும் சேர்ந்து கெட்டியான டிகாக்ஷன் இறங்குகிறது. பால் சேரப்போகும் அந்த டிகாக்ஷனுக்கு உரிய அளவுகளை இம்முறைக்குக் கொண்டுவர இயலாது.