முற்றம் இல்லாத வீடு, 40 டிகிரி வெயில்: 1 முதல் 3 வயதுக் குழந்தையை எப்படி விளையாட வைப்பது?

பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு போகும் வழியில், கேரள எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஊர் மீனாட்சிபுரம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வட்டாரம் என்பதால் கேரளத்தின் மற்ற ஊர்களைவிட இங்கே கோடை கடுமை. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. மாநிலம் முழுக்க அங்கன்வாடி வகுப்புகளையும் ஒரு வாரம் நிறுத்தினார்கள்.

ஆனால் அந்த வகுப்புகளே 3 வயது ஆனவர்களுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் அங்கன்வாடியில் இருந்து சத்துமாவு வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். பகல் முழுக்க வீட்டில் அம்மாவோ பாட்டியோதான் பார்க்கணும். வரிசை வீடு, ஷீட் கூரை, வாசலில் இறங்கினால் ரோடு என்றால் என்ன செய்வது?

எந்த நேரத்தில் வெளியே விடலாம்?

காலை 11 முதல் மாலை 3 மணி வரை நேரடி வெயில் வேண்டாம் என்பது கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழக்கமான அறிவுரை. சின்னக் குழந்தைக்கு 9 மணிக்கே உள்ளே வந்துவிடுவது நல்லது. ஓட்டம், ஏற்றம் எல்லாம் அதற்கு முன்னாலும், வெயில் தாழ்ந்த பிறகும். மொட்டை மாடி இருந்தால், விடுவதற்கு முன் உங்க உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்க. பொழுது சாய்ந்தும் சூடு இறங்கியிருக்காது.

1 முதல் 4 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 3 மணி நேரமாவது உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கப் பிரித்து. 1 வயதில் திரையே கூடாது, 2 வயதில் 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் அது சொல்கிறது. மத்தியானச் சமையல் நேரத்தில் போனைக் கையில் கொடுப்பது ஏன் என்று புரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்துக்குத் தண்ணீரே போதும்.

தண்ணீரை எப்படிக் கொடுப்பது?

அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணி. இரண்டு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு சல்லடை. மொண்டு ஊற்றுவதையே குழந்தை திரும்பத் திரும்பச் செய்யும், அலுக்காது. பழைய பெயின்ட் பிரஷ் இருந்தால் தண்ணியில் தோய்த்துச் சிமெண்ட் சுவரில் 'பெயின்ட்' அடிக்கட்டும். இந்த வெயிலில் சுவர் நிமிஷத்தில் காய்ந்துவிடும், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கலாம். தண்ணிப் பஞ்சம் உள்ள நாளில், மிஞ்சிய தண்ணியில் தரையைத் துடைத்துக்கொள்ளலாம்.

விளையாடும் வரை பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்கணும். முடிந்ததும் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிடுங்க. உலக அளவில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளின் விகிதமே அதிகம். பைப்புத் தண்ணியைப் பிடித்து வைக்கும் வீடுகளில் பக்கெட்டும் அண்டாவும்தான் பெரிய ஆபத்து. இந்த வயதில் தலை கனம் அதிகம். தலைகுப்புற விழுந்தால் நிமிர முடியாது, சத்தமும் வராது. சில அங்குலத் தண்ணியே போதும். நிறைந்த பாத்திரத்துக்கு மூடி, மூடி மேல் கனம், குளியலறைக்கு வெளித் தாழ்ப்பாள்.

தண்ணி இல்லாமல்?

பாத்திரத்தைக் கவிழ்த்துக் கரண்டியால் தட்டுவது பழைய விளையாட்டுதான். பிள்ளைத்தமிழில் சிறுபறை என்று ஒரு பருவமே உண்டு! அட்டைப்பெட்டிக்குள் நுழைந்து வருவது, தலையணை மேல் ஏறி இறங்குவது, மஞ்சள் கலந்து பிசைந்த கோதுமை மாவு ஆகியவையும் நன்றாக ஓடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டாதீங்க. பாதியை ஒளித்து வைத்து அடுத்த வாரம் எடுங்க.

புளியங்கொட்டை, மஞ்சாடி, பட்டன் பேட்டரி வேண்டாம், தொண்டையில் சிக்கும். குன்றிமணி விஷம்.

எப்போது கவலைப்படணும்?

குழந்தை கேட்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீரோ தாய்ப்பாலோ கொடுங்க. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும். ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது உதவும். 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாய் உலர்ந்திருக்கு, அழுதால் கண்ணீர் வரவில்லை, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடக்கு என்றால் விளையாட்டை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்க. வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டும் கண் விழிக்காவிட்டாலோ 108.