ஷெர்மன் டாங்கியும் நீர்ப் பெட்டிகளும்

1942 அக்டோபரில் எல் அலமேன் யுத்தத்தில் பிரிட்டிஷ் படைகளோடு களமிறங்கிய அமெரிக்க ஷெர்மன் டாங்கி, அடிபட்டவுடன் தீப்பற்றும் என்ற அபகீர்த்திக்கு ஆளானபோது, பெட்ரோலே அதற்குக் காரணமெனப் பலரும் கருதினர். ஆயினும் பக்கச் சுவர்களின் மேற்புறத்தில் அடுக்கியிருந்த பீரங்கிக் குண்டுகளின் மருந்தே பிரதான காரணம் என்பது பின்னர் நிரூபணமாயிற்று. 1944இல் வந்த புதிய டாங்கிகளில் அக்குண்டுகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, நீர் சூழ்ந்த பெட்டிகளில் வைத்தபின், அடிபட்டவற்றில் நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்த நிலை மாறி, 10 முதல் 15 மட்டுமே எரிந்ததாக அமெரிக்க ராணுவ ஆய்வு கண்டது.

இவ்வாறு தீப்பற்றிய டாங்கிக்குள் இருந்த ஐவர் அடங்கிய குழுவில் என் மனத்தை அதிகம் வருத்துவது குண்டு நிரப்பும் வீரனின் அவஸ்தையே. ஆரம்பத்தில் அவனுக்கெனத் தனி வாயில் இல்லாமையால், புகை மண்டிய கோபுரத்துள் பீரங்கியின் அடியில் தவழ்ந்து, தலைவனின் வாயில் வழியாகவே அவன் வெளியேற வேண்டியிருந்தது. யுத்தத்தின் பிற்பகுதியில்தான் அவன் தலைக்கு மேலும் ஒரு கதவு அமைத்தார்கள்.